தாவோஸ் மேட்டுச் சாலை பிறந்த கதை

1751-ஆம் ஆண்டு சாந்தா ஃபே நகரிலிருந்து பன்னிரண்டு குடும்பங்கள் வடக்கே மலையேறின. எல்லாம் ஏழைக் குடும்பங்கள். முன்னே நடந்தவர் ஹுவான் தே ஆர்குயேயோ. போய்ச் சேர்ந்த இடம் சாங்ரே தே கிறிஸ்தோ மலையின் மேற்குச் சரிவில் ஓர் ஓடைக்கரை. லாஸ் த்ராம்பாஸ் என்ற அந்த ஊர்ப்பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘பொறிகள்’ என்று பொருள்.

நிலம் கொடுத்தவர் நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் வேலெஸ் கச்சுப்பின். சும்மா கொடுக்கவில்லை. கிழக்குச் சமவெளியிலிருந்து கோமான்சி பழங்குடிக் குதிரைவீரர்கள் மலைக் கணவாய்கள் வழியே இறங்கி, ரியோ கிராண்டே ஆற்றோர ஊர்களைத் தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கோட்டை கட்டப் பணமில்லாத ஆளுநர் ஊர்களையே மதிலாக நட்டார். 1754-இல் த்ரூச்சாஸ் கிராமத்துக்கும் அவரே பட்டயம் தந்தார். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசையில்தான் மக்கள் அந்த ஆபத்தை ஏற்றார்கள்.

அதனால் அந்த ஊர்கள் வெளியே முதுகைக் காட்டியே பிறந்தன. சுடாத மண்கற்களால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் நடுவில் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். வாசலெல்லாம் உள்ளே பார்த்திருக்கும். வெளிச்சுவரில் திறப்பே அரிது. சிமாயோ என்ற ஊரில் இருக்கும் பிளாசா தெல் செர்ரோ என்ற சதுக்கத்தில் இந்த அமைப்பை இன்றும் காணலாம்.

இந்த ஊர்களைக் கோத்துத் தாவோஸுக்குப் போகும் மேட்டுச் சாலையை வரைந்த இன்னொரு கை தண்ணீருடையது. மலையிலிருந்து பனி உருகி இறங்கும் ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் ஊர் வாய்த்தது. ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போக இடையிலுள்ள மேட்டில் ஏறி இறங்கத்தான் வேண்டும். மனிதரும் கழுதைகளும் நடந்த அந்த ஊர்வழிகளே பிற்காலத்துச் சாலைக்குத் தடம். இன்று காரில் போகிறவர் முகடேறிப் பனிச்சிகரங்களைப் பார்த்து, அடுத்த நொடியே பசும்பள்ளத்தாக்கில் இறங்குவது அதனால்தான். காட்சிக்காக யாரும் இந்த வழியை வகுக்கவில்லை. த்ரூச்சாஸ் மட்டும் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், முகட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அதற்கும் ரியோ கெமாதோ ஓடையிலிருந்து மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்த வாய்க்காலுக்கு அசேக்கியா என்று பெயர். அரபியிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த சொல். ஆண்டுதோறும் வசந்தத்தில் பாசனதாரர்கள் ஒன்றுகூடித் தூர்வாருவார்கள்; மயோர்தோமோ என்பவர் முறைத்தண்ணீரைப் பங்கிடுவார். லாஸ் த்ராம்பாஸில் பள்ளத்தைத் தாண்டி நீரைக் கொண்டுபோகும் குடைந்த மரத்தூம்பு சாலையிலிருந்தே தெரியும். இந்த வழியில் வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சிகரங்களை அல்ல, அந்தத் தூம்பைத்தான்.

லாஸ் த்ராம்பாஸ் ஊர்க்காரர்கள் கத்தோலிக்கப் பூசை காண முதலில் பிக்குரிஸ் பழங்குடிக் கிராமம் வரை போகவேண்டியிருந்தது. வழியெல்லாம் பயம். 1760-இல் அந்தப் பகுதிக்கு வந்த ஆயர் தமரோன் அவர்களுக்கென்று ஒரு கோயில் கட்ட அனுமதி தந்தார். சான் ஹோசே தே கிராசியா என்ற அந்த மண்கோயில் எழும்ப ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆயின. வயல்வேலையும் காவலும் போக மிஞ்சிய நேரத்தில் கட்டிய கோயில்.

1846-இல் அமெரிக்கப் படை சாந்தா ஃபேயைப் பிடித்தது. நிலவுரிமையைக் காப்பதாக மெக்சிகோவுடன் செய்த 1848 உடன்படிக்கை வாக்களித்தது. வாக்கு நிற்கவில்லை. லாஸ் த்ராம்பாஸ் மக்கள் ஆடு மேய்த்து விறகு பொறுக்கிய பொதுக்காடு வழக்கிலும் விற்பனையிலும் கைமாறி, கடைசியில் அரசுக் காடானது. பிழைப்புக்காகப் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். இந்த அழகுக்குள் இருக்கும் ஆறாத புண் அது.

1960-களில் தார்ச்சாலை வந்தது. அதை அகலமாக்கும் திட்டம் கோயில் முன்றிலையே தொட்டது. வானளாவிகள் கட்டிப் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் நத்தானியேல் ஓவிங்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்து நின்றார்கள். 1967-இல் லாஸ் த்ராம்பாஸ் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இருநூறு ஆண்டு பழமையான முற்றத்துக்கு முன் சாலைதான் ஒடுங்கிப் போனது.

அதே 1967-இல், வழியின் வடகோடியில் உள்ள ராஞ்சோஸ் தே தாவோஸ் ஊரில் சான் பிரான்சிஸ்கோ தே அசிஸ் கோயிலுக்குச் சிமெண்டு பூசினார்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் வரைந்து வரைந்து உலகறியச் செய்த பின்சுவர் அந்தக் கோயிலுடையதுதான். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மண்சுவரை அரித்தது. 1979-இல் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். மழையும் பனியும் கரைத்ததை ஆண்டுதோறும் கோடையில் ஊரார் புதுப்பிக்கிறார்கள். பெரியவர்கள் மண்ணையும் வைக்கோலையும் குழைக்க, பிள்ளைகள் வாளியில் சுமந்து வருகிறார்கள். ஏணியில் நிற்பவர் உள்ளங்கையால் அப்பித் தேய்க்கிறார். பூச்சு காய்ந்தபின் சாய்வெயிலில் அந்தச் சுவர் முழுக்க வைக்கோல் துணுக்குகள் மினுங்கும்.