பைக்கில் பின்னால் உட்காருபவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்!

"ஓட்டுறவர்தானே ஹெல்மெட் போடணும்... பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்கு?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உண்மையில், ஓட்டுபவரைவிட பின்னால் இருப்பவருக்குத்தான் சில ஆபத்துகள் அதிகம். பள்ளமோ வேகத்தடையோ வருவது ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அது தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். அதனால், பின்சீட்டுக்கென்றே சில பாதுகாப்புப் பழக்கங்கள் தேவை.

ஹெல்மெட்: இருவருக்கும்தான்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, 4 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் உட்காருபவரும் இதில் அடக்கம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

அபராதத்தை விடுங்கள். ஹெல்மெட் அணிவது தலைக்காயத்துக்கான வாய்ப்பை சுமார் 69 சதவிகிதமும், உயிரிழப்புக்கான வாய்ப்பை சுமார் 42 சதவிகிதமும் குறைக்கிறது என்கின்றன ஆய்வுகள்.

ஆனால், சும்மா தலையில் கவிழ்த்தால் போதாது. ஸ்ட்ராப்பை மாட்ட வேண்டும். தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. கொண்டையும் பெரிய கிளிப்பும் ஹெல்மெட்டை முழுதாக உட்கார விடாது. தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கியிருக்கும். அடுத்த அடியை அது தாங்காது.

துப்பட்டா, முந்தானை கவனம்!

காற்றில் பறக்கும் துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால், கழுத்தை இறுக்கிவிடும். ஆளையே கீழே இழுத்துப் போட்டுவிடும். இதையெல்லாம் யோசிக்க நேரமே இருக்காது. எனவே, கிளம்பும் முன்பே துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள், அல்லது இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு, கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் மூன்றும் சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டியவை. 'லுக்' கெடுகிறது என்று சாரி கார்டைக் கழற்ற விடாதீர்கள்.

ஒருபக்கமாக உட்காருவதைத் தவிர்ப்பதே நல்லது. அப்படி உட்கார்ந்தால் வண்டியின் எடை ஒருபக்கம் சாயும், பிடிமானமும் குறையும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். கைப்பிடியையோ, ஓட்டுபவரின் இடுப்பையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் கட்டைப்பை, மறு கையில் செல்போன் என்று பயணம் செய்யவே வேண்டாம்.

குழந்தைகளுடன் போகும்போது...

ஸ்கூட்டரின் முன்பக்கம் குழந்தையை நிறுத்திக்கொண்டு போவது பலருக்குப் பழக்கம். சடன் பிரேக் போட்டால், முகம் நேராக ஹேண்டில்பாரில் மோதும். நிற்கும்போது என்ஜினை அணைக்காமல் விட்டால், குழந்தை விளையாட்டாக ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிடும் அபாயமும் உண்டு.

4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பின்னால் உட்காரும் சிறுவர்களுக்கு ஃபுட்ரெஸ்ட்டில் கால் எட்ட வேண்டும். எட்டாத கால் தொங்கி, குதிகால் ஸ்போக்ஸில் மாட்டிக்கொள்ளலாம். ஷூ போட்டுவிடுவதும் அவசியம்.

விபத்து நடந்துவிட்டால்?

அடிபட்டவரைக் கை, கால் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால், அசைப்பதே பாதிப்பை அதிகமாக்கும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள்.

"போலீஸ், கேஸ்னு அலைய வேண்டியிருக்குமே" என்று தயங்க வேண்டாம். உதவி செய்பவரின் பெயரைக்கூடச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

தலையில் அடிபட்டவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடந்தாலும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூளைக்குள் கசியும் ரத்தம், சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம். வாந்தி, அதிக தூக்கம், குழறும் பேச்சு இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. பின்னால் உட்கார்ந்திருப்பதால் வாய்மூடி இருக்க வேண்டும் என்றில்லை. வேகம் பயமுறுத்தினால், ஓட்டுபவர் போனை எடுத்தால், "ஓரமா நிறுத்துங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஓட்டுபவர் கணவரோ, மகனோ, ஆட்களை ஏற்றிச் செல்லும் பைக் டாக்ஸிக்காரரோ... யாராக இருந்தாலும் சரி!