மொட்டை மாடிப் பந்தல் முதல் இரட்டைப் பானை வரை: கோடையின் கடைசி நாட்களுக்கு போடி வீடுகளில் நீங்களே செய்துகொள்ளலாம்!

கத்திரி வெயில் முடியப் போகிறது. ஆனால் வெக்கை மட்டும் விடுவதாக இல்லை. போடிநாயக்கனூரில் ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவரில் கை வைத்தால் சுடுகிறது. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. அதனால் மொட்டை மாடி, முற்றம், திண்ணை என்று வீட்டுக்கு வெளியே பாயைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் மக்கள்.

இந்த நேரத்தில் கையிலிருக்கும் பொருளை வெச்சே வெளியிடத்தைக் கொஞ்சம் குளுகுளுவென ஆக்கிக்கொள்ள முடியும். ஆனால் போடிக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இன்றைக்குச் சுடும் வெயிலுக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஜூன் பிறந்தால் மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலுக்குக் கட்டிய பந்தல் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ஓட்டை உடைக்கக் கூடாது இல்லையா?

போடியில் மட்டும் ஏன் இப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது போடி. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டி கேரளாவில் தொடங்கும். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் மழை கொட்டும்போது, மலை தாண்டி இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

அதனால் மே கடைசியில் ஊருக்குள் வறண்ட வெக்கை. மேலே போடிமெட்டுக்குப் போனால் மூடுபனியும் ஈரமும். கீழே பலிக்கும் ஒரு வழி மேலே பலிக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. மாடிக்குச் சுண்ணாம்பு

காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வீட்டுக்குள் விடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீடு அதிகமாகப் புழுங்குவதற்கு இதுதான் காரணம். தளம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நம் ஊரில் சுண்ணாம்பு அடிப்பதும் அதே கணக்குதான்.

எப்படிச் செய்வது?

- மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் முதலில் சிமென்ட் பூசி அடைக்க வேண்டும்.
- ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். மோர் பதத்தில் இருந்தால் போதும்.
- பிடிப்புக்காக வஜ்ஜிரம் அல்லது வெள்ளைப் பசை கொஞ்சம் கலக்கலாம்.
- தளத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். முதல் கோட் நீளவாக்கில். அது காய்ந்ததும் ரெண்டாவது கோட் குறுக்குவாக்கில்.

கவனம்: நீற்றாத கல் சுண்ணாம்பை வாங்கி வீட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது கொதித்துத் தெறிக்கும். தூள் என்றாலும் கண்ணில் பட்டால் ஆபத்துதான். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால்? ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறவே ஏறாதீர்கள். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காமல் உடையும். அதற்குப் பதில் வீட்டுக்குள்ளே, கூரைக்கு அரை அடி கீழே பழைய பருத்திச் சேலை இரண்டைச் சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டலாம். ஷீட்டில் இருந்து நேராகத் தலையில் இறங்கும் அனலை அது தடுக்கும். ஆனால் அடுப்புக்கு மேலேயும் விளக்குக்குப் பக்கத்திலும் கட்டக் கூடாது.

2. அவிழ்த்து மாட்டக்கூடிய பந்தல்

மலையில் ஏலச் செடியே மர நிழல் இல்லாமல் வளராது. மனுஷனுக்கு மட்டும் எப்படி? மாடியில் பத்துக்குப் பத்து அடி நிழல் இருந்தாலே ஒரு குடும்பம் சாயங்காலம் உட்கார்ந்து பேச இடம் ஆச்சு.

தேவையானவை: நான்கு மூங்கில் அல்லது சவுக்குக் கம்பு, நான்கு பழைய பெயின்ட் வாளி, சிமென்ட், ஜல்லி, நிழல் வலை, கயிறு, பழைய சைக்கிள் ட்யூப். உட்காரும் இடத்துக்கு 75 சதவீத வலை சரியாக இருக்கும். செடிகளுக்கு 50 சதவீதமே போதும்.

- வாளிக்குள் கம்பை நிறுத்தி, சிமென்ட்-ஜல்லிக் கலவையை ஊற்றுங்கள். ஒரு வாரம் தினமும் தண்ணீர் விட்டு இறுக விடுங்கள்.
- வலை தலைக்கு மேல் ஏழு அடியாவது இருக்கட்டும். தாழக் கட்டினால் அனல் அங்கேயே தங்கிவிடும்.
- மேற்குப் பக்கக் கம்புகள் அரை அடி குட்டையாக இருக்கட்டும். சாயங்கால வெயிலும் மறையும், காற்றும் வலைக்கு அடியில் அவ்வளவு புகாது.
- வலையின் மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். வலை கிழியாமல் இருக்க விவசாயிகள் செய்யும் உத்தி இது.
- கயிற்றுக்கும் கம்புக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால், காற்று இழுக்கும்போது அது நீண்டு கொடுக்கும்.
- முடிச்சு எல்லாமே ஒரே இழுப்பில் அவிழும்படி இருக்கட்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. போடியில் ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனியிலேயே காற்று தொடங்கிவிடும். பத்தடி வலை காற்றில் உப்பினால் கப்பல் பாய் மாதிரி வாளியோடு தூக்கும். தூங்கப் போவதற்கு முன்பும், வெளியூர் போகும்போதும் வலையைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

மின்கம்பி மாடியை ஒட்டிப் போகிறதா? அந்தப் பக்கம் கம்பு நடவே கூடாது. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் டிஷ் ஆன்டெனாவிலும் கயிறு கட்ட வேண்டாம்.

தென்னங்கீற்றுப் பந்தல் இதைவிடக் குளுமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் காய்ந்த கீற்று ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சமையல் நடக்கும் இடத்துக்கும் பட்டாசு வெடிக்கும் தெருவுக்கும் பக்கத்தில் அது வேண்டாம்.

3. கரன்ட் இல்லாத ஃபிரிட்ஜ்: இரட்டைப் பானை

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இதே முறையில் காய்கறியையும் வாடாமல் வைக்கலாம். நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் இரட்டைப் பானை முறையைத் தன் நாட்டு வறண்ட கிராமங்களில் பரப்பினார். அதற்காக ரோலெக்ஸ் விருதும் பெற்றார்.

- பூச்சு இல்லாத மண்பானை ரெண்டு வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் சுற்றிலும் ரெண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். புதுப் பானை என்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள்.
- பெரிய பானையின் அடியில் மணல் போட்டு, அதன் மேல் சின்னப் பானையை வையுங்கள். ரெண்டின் வாயும் சமமாக இருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியிலும் மணலை நிரப்புங்கள்.
- மணல் நனையும் அளவுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள்.
- நிழலும் காற்றும் படும் இடத்தில், முக்காலி மேல் வையுங்கள்.

தக்காளி, கத்தரிக்காய், கேரட், கீரை, கொத்தமல்லி எல்லாம் வெளியே கிடப்பதைவிடக் கூடுதல் நாள் தாங்கும். பால், மீன், கறிக்கு இது உதவாது. அவற்றுக்கு இந்தக் குளிர்ச்சி போதாது.

ஒரு விஷயம்: காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் இது வேலை செய்யும். போடி, சில்லமரத்துப்பட்டி, ராசிங்காபுரம் பக்கம் கோடையில் நன்றாகப் பலிக்கும். போடிமெட்டுக்கு மேலே, மூடுபனி இறங்கும் இடங்களில் இதைச் செய்து பிரயோஜனம் இல்லை.

4. மாடித் தூக்கம்: இலவம் பஞ்சு மெத்தைக்கு உயிர் கொடுப்பது எப்படி?

போடி என்றால் ஏலக்காய்க்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது இலவம் பஞ்சு. மலைச்சரிவில் நிற்கும் இலவ மரங்களில் கோடையில்தான் காய் முற்றி வெடிக்கும். இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழல் மாதிரி காலியாக இருப்பதால் மெத்தை லேசாக இருக்கும். மாடிக்குத் தூக்கிப் போவது சுலபம்.

கட்டி தட்டிப்போன பழைய தலையணை இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சைப் பெரிய துணிப் பைக்குள் கொட்டி, பையின் வாயைக் கட்டிவிட்டுக் கையால் பிரித்து உதறுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம். உறையைத் துவைத்துக் காய வைத்து, பஞ்சை மறுபடி அடைத்துத் தைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். பஞ்சைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மூன்று மணி நேரம் வெயிலில் போட்டுத் தட்டினாலே போதும்.

ஆனால் இலவம் பஞ்சு சட்டெனத் தீப்பிடிக்கும். மெத்தைக்குப் பக்கத்தில் கொசுவர்த்தி, பீடி, சிகரெட் கூடவே கூடாது. நான்கு மூங்கில் குச்சியைக் கட்டிலின் கால்களில் கட்டி, கொசுவலையைத் தொங்கவிடுங்கள். செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தளத்தில் ரெண்டு வாளி தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும். இதற்குக் குடிதண்ணீர் வேண்டாம், துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

5. அடுப்பும் சருகும்: மலையடிவார வீடுகள் கவனிக்க

லீவுக்கு வந்த சொந்தக்காரர்களோடு வெளியே விறகடுப்பு மூட்டிச் சமைப்பது ஜாலிதான். ஆனால் கோடை கடைசியில் சரிவு முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும். போடிக்கு அருகே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்காது. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரியும் தீயின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதுதான் காரணம். அதனால்:

- வீட்டைச் சுற்றி, முக்கியமாகச் சரிவின் கீழ்ப்பக்கம், சருகையும் புல்லையும் செதுக்கி வெறும் மண்ணாக வையுங்கள்.
- செதுக்கிய சருகைக் கொளுத்தாதீர்கள். குழி வெட்டிப் போட்டு, மேலே மண்ணும் சாணிக் கரைசலும் விட்டால் உரமாகிவிடும்.
- வெளி அடுப்பை மூன்று பக்கமும் கல் வைத்து அடைத்து, மேலே கிளை இல்லாத இடத்தில் மூட்டுங்கள். காற்று அடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.
- பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது.
- காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம்.

6. மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 460 லிட்டர் தண்ணீர். இதை விடலாமா? தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயம் ஆனது. குழாய் இருக்கும் வீடுகளிலும் பல இடங்களில் சருகு அடைத்துக் கிடக்கிறது.

- மாடியின் தண்ணீர் போகும் துவாரத்தில் கம்பி வலை வையுங்கள். வடிகட்டித் தொட்டியில் உள்ள ஜல்லி, மணலை எடுத்து அலசிக் காய வைத்து மறுபடி போடுங்கள்.
- முதல் மழையில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த மாடி என்றால் தண்ணீர் தெளிவாக வரும் வரை பிடிக்க வேண்டாம்.
- பறவைக்கு வைக்கும் மண்தட்டில் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வையுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.
- காலி பெயின்ட் டப்பா, டயர், தேங்காய்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

இதையெல்லாம் செய்தும் உடம்பு முடியவில்லை என்றால்?

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. அந்த அளவுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வெயிலில் வேலை பார்ப்பவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ, அதைச் சாதாரணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தீ என்றால் 101. எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களை மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்துவிட்டால், ராத்திரி அவசரத்தில் யாரும் போனைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.