கேனிங் பாதையும் கிணறுகளும்

நான்கு சக்கரங்களும் இயங்கும் ஊர்திகளில் எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டு, மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலங்களைக் காணப் புறப்படும் பயணிகள் பலர். அவர்கள் நாடும் வழிகளுள் புகழ்பெற்றது, தெற்கே விலூனாவையும் வடக்கே ஹால்ஸ் கிரீக்கையும் இணைக்கும் கேனிங் கால்நடைப் பாதையாகும். ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் நூற்றுக்கணக்கான மணல்மேடுகள் குறுக்கிடுகின்றன. நகரம் ஒன்றேனும் இல்லை.

இப்பாதை சுற்றுலாவுக்கென அமைந்ததன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கிம்பர்லியின் மாடுகளை உண்ணி பற்றியிருந்தது. ஆதலின், அவற்றைக் கப்பலேற்றித் தெற்கே கொணர்தல் தடைசெய்யப்பட்டது. தெற்கிலோ, பொற்சுரங்க ஊர்களில் இறைச்சிக்குத் தேவை மிகுந்திருந்தது. வறண்ட பாலை வழியே ஓட்டிவந்தால் உண்ணிகள் மடிந்துவிடும் என்று கருதினர். எனவே, 1906-ஆம் ஆண்டில் நில அளவையாளர் ஆல்ஃபிரட் கேனிங் ஒட்டகங்களுடன் பாலையினுள் புகுந்தார்.

மாட்டு மந்தை பாலையைக் கடக்க வேண்டுமாயின், ஒவ்வொரு நாள் நடைக்கும் ஒரு நீர்நிலை இன்றியமையாதது. அந்நீர் இருக்குமிடம் அங்கு வாழ்ந்த பழங்குடியினருக்கே தெரியும். கேனிங் அவர்களைப் பிடித்து, கழுத்தில் சங்கிலி பூட்டி, நீரிருக்கும் இடங்களைக் காட்டச் செய்தார். குழுவின் சமையற்காரர் எட்வர்ட் பிளேக் இக்கொடுமையை வெளிப்படுத்தவே, 1908-இல் அரச ஆணையம் விசாரித்தது. ஆயினும், அது கேனிங்கைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அவரே மீண்டும் சென்று, 1910-க்குள் கிணறுகளை வெட்டி முடித்தார்.

முன்னர்க் கையால் மணலைத் தோண்டி நீர் பருகிய மக்கள், இப்போது ஆழ்கிணற்றின் முன் தாகத்தோடு நின்றனர். சினமுற்றுச் சில கிணறுகளைச் சிதைத்தனர். 1911-இல் மாடு ஓட்டிச் சென்றோர் 37-ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டனர். அதன்பின் பாதை பல்லாண்டுகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. 1929-இல் கிணறுகளைச் செப்பனிடச் சென்ற வில்லியம் ஸ்நெல், பழங்குடியினர் படும் துன்பத்தைக் கண்டு இரங்கி, அவர்கள் இறங்கி நீர் எடுக்க ஏணிகள் அமைத்தார். எளிய அச்செயல், ஆணையம் காணத் தவறிய உண்மையைக் கண்டதற்குச் சான்றாகும்.

1959-உடன் மந்தைகளின் பயணம் முடிவுற்றது. 1968-இல் நில அளவையாளர் குழுவொன்று பாதை முழுவதையும் முதன்முதலாக ஊர்தியில் கடந்தது. 2002-இல் நீதிமன்றம் மார்த்து மக்களின் நிலவுரிமையை ஏற்றது. இன்று இவ்வழியே செல்லும் பயணியர் நிலத்துக்குரிய மக்களிடம் அனுமதி பெறுதல் வேண்டும்.

வரைபடத்தில் கிணறுகள் எண்களாகவே நிற்கின்றன. 33-ஆம் கிணறு அமைந்த இடத்திற்குக் குணவாரிட்ஜி என்னும் பெயர் உண்டு. இப்பாதையைக் கண்டவர் யார் என்னும் வினாவுக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதும் மாணவரின் விடை முழுமை பெறாது.