மேடை தந்த வணிகர்கள்

கல்லாவில் உட்கார்ந்தால் நமக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பொந்தியான் கடைத்தெருவில் மலாய்க்காரரிடம் மலாயில், சீனரிடம் அவர் மொழியில் இரண்டு சொல் கலந்து, நம்மவரிடம் தமிழில் எனக் காலை முதல் இரவு வரை பேசுகிறோம். அதே நாம், சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் வாயடைத்துப் போகிறோம். "யாராவது நாலு வார்த்தை பேசுங்களேன்" என்று தலைவர் கேட்டால், பாதிப் பேருக்கு அப்போதுதான் வீட்டு வேலை ஞாபகம் வருகிறது.

சங்கம் பொன்விழாக் காணும் இந்த நேரத்தில், பேச வராத ஓர் இளைஞருக்கு முஸ்லிம் வணிகர்கள் மேடை கொடுத்த வரலாற்றை நினைத்துப் பார்ப்பது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்றவர், அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். கூட்டத்துக்குப் போவார், வாய் திறக்க மாட்டார். ஒருமுறை ஒரே தாளில் எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க எழுந்தார். கண் மங்கியது, உடல் நடுங்கியது. உடன் வந்த நண்பர்தான் வாங்கிப் படித்தார். 1891-இல் ஊர் திரும்புமுன் கொடுத்த விருந்தில் நகைச்சுவையாகப் பேசத் தயாராகப் போனார். முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாரிஸ்டராகி வந்தும் அச்சம் விடவில்லை. பம்பாயில் முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

இப்படிப்பட்டவரை 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது தாதா அப்துல்லா கம்பெனி. போர்பந்தரிலிருந்து போய் டர்பனில் வணிகம் செய்த மேமன் முஸ்லிம்களின் நிறுவனம் அது. பிரிட்டோரியாவில் இருந்த தையப் ஹாஜி கான் முகம்மது என்ற வணிகர்மீது 40,000 பவுன் கேட்டு அவர்கள் தொடுத்திருந்த வழக்கில் உதவுவதுதான் காந்திக்குத் தந்த வேலை. போகும் வழியில், முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்.

பிரிட்டோரியா சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் உதவி கேட்டுப் போனது அதே தையப் சேட்டிடம். அங்குள்ள இந்தியர்களை ஒன்று கூட்ட வேண்டும் என்றார். எதிர்க்கட்சியின் ஆள் என்று பாராமல் சேட்டும் சம்மதித்தார். ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் என்பவரின் வீட்டில் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வணிகத்தில் உண்மை தவறாமை பற்றிக் காந்தி பேசினார். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர், குஜராத்தி, மதராசி என்ற பேதத்தை மறந்து ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றும் சொன்னார். தம் வாழ்நாளின் முதல் பொதுமேடைப் பேச்சு அதுதான் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

லண்டனில் ஒரு தாளைப் படிக்க முடியாதவருக்கு இங்கே எப்படி வாய் வந்தது? நமக்குத் தோன்றுவது இதுதான். பேச்சு எப்படி என்று மதிப்பெண் போட அங்கே யாரும் உட்காரவில்லை. வந்திருந்தவர்களுக்கும் அவருக்கும் குறை ஒன்றே. அவர் பேசினால் அவர்களுக்கு ஒரு வழி பிறக்கும். சொல்லியாக வேண்டிய சேதி இருந்தது, கேட்க வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள். அதன் பிறகு கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. ஒழுங்கான உடை அணிந்த இந்தியர்களுக்கு முதல், இரண்டாம் வகுப்புச் சீட்டு தரப்படும் என்று ரயில்வேயிடமிருந்து காந்திக்குக் கடிதமும் வந்தது.

1894-இல் டர்பனில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது. தலைவர் அப்துல்லா ஹாஜி ஆதம் என்ற வணிகர், செயலாளர் காந்தி. மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங். அங்கேயும் நம் கதைதான். எழுந்து பேச எல்லோரும் தயங்கினார்கள். பேசினால் சுருக்கமாகச் சொல்லி முடிக்கத் தெரியவில்லை. முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது, முறைப்படி விவாதிப்பது போன்ற ஒழுங்குகளைக் காந்தி விளக்கினார். அதுவரை சபையில் வாய் திறந்திராத பலர் பொதுக் காரியம் பற்றிச் சிந்தித்துப் பேசப் பழகினார்கள். தமக்கு மேடை தந்தவர்களை அவரும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

அச்சம் ஒரே நாளில் ஓடிவிடவும் இல்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் காந்திக்குக் குரல் எழும்பவில்லை. ஃபிரோஸ்ஷா மேத்தா சத்தமாகப் படிக்கும்படி ஊக்கப்படுத்த ஊக்கப்படுத்த, குரல் இறங்கிக்கொண்டே போனது. வாச்சா என்ற தலைவர்தான் மீதியைப் படித்தார். அடுத்த மாதமே சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து அவரிடம் வந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் கதையைக் கேட்டுச் சபை பொங்கியது. நீண்ட உரைதான், ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில், இந்தியர்கள் கைரேகை பதிய வேண்டும் என்ற அவசரச் சட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். ஹாஜி ஹபீப் என்ற வணிகர் எழுந்தார். இறைவனைச் சாட்சியாக வைத்து இத்தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். அதைக் கேட்டுக் காந்தியே திடுக்கிட்டார். கூட்டம் எழுந்து நின்று சத்தியம் செய்தது. சத்தியாக்கிரகம் பிறந்த நாளாக உலகம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. வணிகர் ஒருவர் மேடையில் சொன்ன சில வார்த்தைகளுக்கு அத்தனை பலம் இருந்தது.

நம் மார்க்கமும் இதைச் சொல்லாமல் விடவில்லை. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும், சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறும் இறைவனிடம் கேட்டதைத் தாஹா அத்தியாயத்தில் ஓதுகிறோம். நபிக்கே பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாமா?

ஆகவே பேசத் தெரிந்தவர்களைத் தேடுவதோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. தடுமாறுகிறவரைப் பொறுமையாகக் கேட்கும் சபையாகவும் அது இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற கூட்டக் குறிப்பை இளையவர் ஒருவர் வாசிக்கட்டும். அது எழுதி வைத்தது, மறக்கும் பயம் இல்லை. அடுத்த முறை அவரே வரவேற்புரை சொல்லட்டும். அதற்கடுத்த முறை, தாம் நன்கு அறிந்த ஒன்றைப் பற்றி, அது தம் கடைக் கணக்காகவே இருந்தாலும், ஐந்து நிமிடம் பேசட்டும். நம் பெண்மக்களுக்கும் இதே முறை. நடுவில் குரல் நின்றால் யாரும் சிரிக்க வேண்டாம், சத்தமாகப் பேசு என்று அதட்டவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் தாளை வாங்கி மீதியைப் படித்துக் கொடுக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கே முதல் அழைப்பு.

அடுத்த 50 ஆண்டுகளில் பள்ளிவாசல் காரியத்துக்கும் கடை உரிமத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் அதிகாரிகள் முன்னால் நமக்காக எழுந்து பேச வேண்டியவர்கள் இன்று கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை முன்னால் அழைப்போம், இன்ஷா அல்லாஹ்.