கடலில் சவரம்: நம் முன்னோரின் கத்தியும் கப்பலும்

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினோம். பள்ளிவாசல்களைப் பற்றியும் வணிகப் பெருமக்களைப் பற்றியும் எழுத நம்மில் மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கடை நடத்தும் எங்களுக்குத் தெரிந்தது சாமான்கள்தாம். ஆகவே ஒரு சாமானைப் பற்றியே எழுதுகிறோம். அது எங்கள் பாட்டனாரின் சவரக் கத்தி.

பெட்டிக்குள் கிடந்த கத்தி

பினாங்கில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டுக் கடைசியோடு நீங்கியது. ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த பல குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். மாடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு கைலி, ஒரு தொப்பி, ஒரு தோல் வார், துணியில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி கிடைத்தன. கத்தியின் அடியில் ‘பெங்கால்’, ‘ஷெஃபீல்டு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பெட்டியைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். வாப்பாதான் கத்தியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்தவர். பிறகு சுமத்திரா, புக்கெட் பக்கம் போய் வரும் சிறு கப்பல்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் எழுதி வைத்த கடிதம் எதுவும் இல்லை. அவர் கடல் வாழ்க்கைக்குச் சாட்சியாக இந்தக் கத்தி ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது.

பாய்மரக் காலம்

பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் கொடி ஏற்றியபின் நம்மவர்கள் இங்கே குடியேறத் தொடங்கினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன என்றும், அவர்கள் வியாபாரமும் கூலி வேலையும் செய்து சில டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் அவர் 1794இல் எழுதினார். அவர் ‘சூலியாக்கள்’ என்று குறித்தது நம்மைத்தான்.

பாய்மரக் கப்பல் பருவக் காற்றை நம்பி ஓடியது. காற்று ஒத்துழைக்காவிட்டால் வாரக் கணக்கில் கடலிலேயே கிடக்க வேண்டும். அக்காலத்தில் நம் ஆண்கள் பெரும்பாலும் தலையை மழித்துத் தொப்பி அணிந்தவர்கள். தலை மழிப்பதும் மீசையைக் கத்தரிப்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. ஒளுச் செய்து தொழ நிற்கும் மனிதனுக்கு அது சுத்தத்தின் ஒரு பகுதி. கடலில் இருந்தாலும் அதை விட்டுவிட முடியாது. ஆகவே சாரங்கு, தண்டல், சுக்கானி, பண்டாரி என்று கப்பலில் ஆள் இருந்ததுபோல, சவரம் தெரிந்த ஒருவர் பயணிகளில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஷெஃபீல்டுக்குப் போன பரங்கிப்பேட்டை இரும்பு

பாலிடெக்னிக்கில் உலோகப் பாடம் படித்தபோது ஒரு செய்தி எங்களை வியக்க வைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பேர்போனது. ஆனால் தென்னிந்திய உருக்கின் தரம் அங்குள்ள அறிஞர்களை நெடுநாள் ஈர்த்து வந்தது. அதை அவர்கள் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். ஜார்ஜ் பியர்சன் என்பவர் 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே, கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் இந்த உருக்கை ஆராய்ந்தார். தாம் உருவாக்கிய கலப்பு உருக்கில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

இதில் நமக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு பரங்கிப்பேட்டை. கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830ஐ ஒட்டி அங்கே இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தை உருக்கிய அந்த ஆலையின் இரும்பு இங்கிலாந்துக்கும் போனது. ஹீத் பின்னர் அங்கு திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்கின் விலை இறங்க அது வழி செய்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் நம்மில் பலர். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய சீமைக் கத்தியின் கதையில் அவர்களுடைய ஊரின் பேரும் இருந்தது. அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆடும் கப்பலில் கத்தி பிடிப்பது

நம் பெரியவர்கள் மறக்காத கப்பல் ‘ரஜூலா’. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளப் பயணிகள் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரமளவு கடலில் கழித்தார்கள்.

அங்கே சவரம் செய்வது எளிதல்ல. முதல் தொல்லை தண்ணீர். நன்னீர் அளவாகத்தான் கிடைக்கும். கடல் நீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சாதாரண சோப்பை நுரைக்க விடாது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். மாலுமிகளுக்கென்று விற்ற சோப்பும் அந்த வகைதான்.

இரண்டாவது தொல்லை ஆட்டம். முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும் இடைவெளியில் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். அடுத்த சாய்வு வரும்போது கத்தி முகத்தில் இருக்கக் கூடாது. கீறிவிட்டால் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது தொல்லை துரு. இந்தக் கத்திகள் ஒரு விழுக்காடு அளவு கரிமம் உள்ள உருக்கால் ஆனவை. துருவைத் தடுக்கும் குரோமியம் அவற்றில் இல்லை. உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் இரவு கவனிக்காவிட்டால் கூரான விளிம்பில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்து, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். “கத்திய ஈரத்தோட மடக்கக் கூடாது தம்பி, அத்தா அதுக்குத்தான் அடிப்பாங்க” என்று வாப்பா எங்களிடம் சொல்வார். மடக்கும் ஆணியில்தான் துரு முதலில் பிடிக்கும் என்பது எங்களுக்குப் பிறகு பாடத்தில் வந்தது. பாட்டனாருக்கு அது பழக்கத்தில் வந்தது.

நாங்களும் அந்தக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டி, தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி இழுத்துப் பதப்படுத்தி, சவரம் செய்து பார்த்தோம். ஆடாத தரையில், கண்ணாடி முன்னால், மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டோம்.

ஹஜ் கப்பலில்

மலாயாவின் வட பகுதியிலிருந்தும் சுற்றுப்புற நாடுகளிலிருந்தும் ஹாஜிகள் கூடும் துறைமுகமாகப் பினாங்கு இருந்தது. லெபோ ஆச்சே பகுதி அதனால் கலகலத்தது. கிழக்கிலிருந்து கடல் வழி செல்லும் ஹாஜிகளுக்கு யலம்லம் எல்லைக்கு நேரே இஹ்ராம் கடமையாகும். இஹ்ராம் அணிந்தபின் முடி களையக் கூடாது. ஆகவே அதற்கு முன்பே நகம் வெட்டி, மீசை கத்தரித்து, தேவையற்ற முடி நீக்கி, குளித்துத் தயாராக வேண்டும். சவரம் தெரிந்தவருக்குக் கப்பலில் ஓய்வில்லாத நாள் அதுவாகத்தான் இருக்கும். ஹஜ்ஜின் கடமைகளுக்கு இடையே தலை மழிக்கும்போது மீண்டும் அதே கத்திக்கு வேலை. ஊரில் நாவிதரைச் சற்றுத் தள்ளியே உட்கார வைத்த பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்த நாளில் செல்வந்தரும் அவர் முன் தலை குனிந்துதான் உட்கார்ந்தார்.

கரையேறிய பின்

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கினார். முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தாம். முதல் உலகப் போரில் அது இலட்சக் கணக்கான போர்வீரர்கள் கைக்குப் போனது. மெல்ல நம் துறைமுகத்துக்கும் வந்தது. ஆடும் கப்பலில் அதுவே பத்திரம் என்று மாலுமிகள் மாறிக்கொண்டார்கள். பின்னர் கப்பலும் போயிற்று. ரஜூலா 1973இல் கை மாறி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். தமிழகத்துக்கும் நமக்கும் இருந்த பயணிகள் கப்பல் அதோடு முடிந்தது.

ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் கட்டடங்களுக்கு மரியாதை கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அவற்றுக்குள் இருந்த பெட்டிகள் அதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டன. மலர்களில் வணிகர்களின் பெயர்கள் நிறைய உண்டு. கப்பலில் உழைத்தவர்கள், தொங்கானில் மூட்டை தூக்கியவர்கள், சவரம் செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களைக் காண்பது அரிது. எங்கள் பாட்டனாருக்குக் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நாவிதர் என்று வாப்பா சொல்வார். அவர் பெயர் வாப்பாவுக்கும் தெரியாது.

ரஜூலாவில் இளைஞராக வந்தவர்களில் இன்று இருப்பவர்கள் முதியவர்கள். அவர்கள் வீட்டில் பழைய கத்தியோ, தகரப் பெட்டியோ, கப்பல் சீட்டோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அது யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். எங்கள் கத்தியை முதலாவதாகக் கொடுக்கிறோம். எண்ணெய் தொட்டுத்தான் கொடுக்கிறோம். அந்தப் பெயர் தெரியாத பெரியவருக்கும், கடலோடிய நம் முன்னோர் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.