திருகோணமலைத் துறைமுகமும் ஈழத்துத் தமிழ் மெல்லிசையும்: பரமேஸ் - கோணேஸ் சகோதரர்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் கலை வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாட்டுக்கூத்துக்கும் நாடகத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் அளித்த இடத்தினை மெல்லிசைக்கும் பொப்பிசைக்கும் அளித்தாரல்லர். கூத்து மக்கள் கலை, கருநாடக இசை செவ்வியற் கலை, கிற்றாரை ஏந்திப் பாடுவது வெறும் பொழுதுபோக்கு என்னும் மனப்பாங்கே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் 1960களின் பிற்பகுதி தொடக்கம் 1970களின் இறுதிவரை ஈழத்துத் தமிழ் இளைஞர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன என்பது மறுக்கவியலாத உண்மையாகும். இம்முயற்சியின் முன்னோடிகளுள் திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஸ், எம். பி. கோணேஸ் ஆகிய சகோதரர்கள் முக்கியமானவர்கள். ஒரு கலை எச்சூழலிற் பிறக்கின்றது, எதனால் வளர்கின்றது, எதனாற் சிதறுகின்றது என்னும் வினாக்களுக்கு அவர்தம் இசைவாழ்வு விடை பகர்கின்றது.

துறைமுகத்தின் கொடை

கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையிற் கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரான்சியரும் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறியபோதும் வந்தவர் விட்டுச்சென்ற வழக்கங்கள் முற்றாக மறையவில்லை. திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய நகரங்களில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் சமூகம் தன் திருமண வீடுகளிற் பேணிவந்த கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசை இதற்குத் தக்க சான்றாகும். வயலின், கிற்றார், தோற்கருவி ஆகியவற்றோடு ஆறெட்டுத் தாளத்தில் துள்ளிச் செல்லும் அவ்விசையே பைலாவுக்கு அடித்தளமாயிற்று. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அத்தாளத்திற்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தி அதனைத் தென்னிலங்கையெங்கும் பரப்பினார்.

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிற்று. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழியுமளவிற்கு இரண்டாம் உலகப் போரில் அது கேந்திர நிலையமாயிருந்தது. அப்போர் இலங்கைக்கு விட்டுச்சென்ற மற்றொரு செல்வம் வானொலியாகும். நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் இயங்கிய ஒலிபரப்பு நிலையம் இலங்கை அரசின் கைக்கு மாறி, 1949இல் 'ரேடியோ சிலோன்' ஆக மலர்ந்தது. மேனாட்டு இசைக்கருவிகள் பழக்கப்பட்ட துறைமுக நகர் ஒருபுறம். எவ்வீட்டிலும் எல்லாவகைப் பாடலையும் ஒலிக்கச்செய்த வானொலி மறுபுறம். இவ்விரண்டும் சந்தித்த சூழலிலே வளர்ந்த தலைமுறைக்குக் கிற்றார் அந்நியக் கருவியாகத் தோன்றாமை இயல்பேயாகும்.

நகல் இசையிலிருந்து சொந்த இசைக்கு

அக்காலத் தமிழ் இசைக்குழுக்கள் பெரும்பாலும் தென்னிந்தியத் திரைப்படப் பாடல்களையே மேடையேற்றின. கோயில் திருவிழாவிலும் பாடசாலைக் கலைவிழாவிலும் மக்கள் வேண்டி நின்றதும் அதனையே. சினிமாவிற் கேட்ட பாடலை அச்சொட்டாகப் பாடுபவனே சிறந்த பாடகன் எனப் பாராட்டப்பட்டான். சிங்கள இளைஞரிடையே நிலைமை வேறாக இருந்தது. 1966இல் இரத்தினபுரியில் அனெஸ்லி மாலேவனவும் கிளரன்ஸ் விஜேவர்தனவும் கூடி அமைத்த 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, கிற்றாரோடு கூடிய புதிய சிங்களப் பாடலை உருவாக்கியது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' இசைத்தட்டு நிறுவனம் அத்தகைய குழுக்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தது.

தமிழில் இத்தகைய துணிவினை வெளிப்படுத்தியவர்களுள் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் முன்னணியில் நிற்கின்றனர். பரமேஸ் தாமே எழுதி, இசையமைத்து, பாடிய 'உனக்குத் தெரியுமா' என்னும் காதற்பாடல் இசைத்தட்டாக வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 'ஈழத்து மெல்லிசை மன்னர்' என்று பரமேஸ் போற்றப்படுவதற்கு இத்தகைய ஆக்கங்களே அடிப்படை. கதாநாயகனோ கதையோ வெள்ளித்திரையோ இன்றி ஒரு தமிழ்ப்பாடல் தன் சொந்தக்காலில் நிற்கக்கூடும் என்பதை அது நிறுவிற்று. அக்காலச் சிறிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிட இசையே அடங்கும். அவ்வெல்லைக்குள் ஓருணர்வைத் தொடங்கி முடித்தாக வேண்டும். எளிய சொல்லும் உடனே மனத்திற் பதியும் மெட்டும் மெல்லிசையின் இலக்கணமாக அமைந்தமைக்கு இக்கருவியின் எல்லையும் ஒரு காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே காலத்தில் வேறொரு கிளையும் தழைத்தது. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி நிறுவனத்திற் பயின்ற காலத்தில் 'சின்ன மாமியே' என்னும் நகைச்சுவைப் பாடலை ஆக்கினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' மூலம் கடல்கடந்தும் புகழ்பெற்றார். இவர்கள் பைலாத் தாளத்தையும் பேச்சுவழக்கையும் கேலியையும் கையாண்டனர். பரமேஸின் காதற்பாடலோ மென்மையான மெட்டையும் உருக்கத்தையும் நாடிற்று. முன்னையது கூட்டத்தை ஆடவைத்தது. பின்னையது தனித்திருப்போனைப் பாடவைத்தது. இலங்கை வானொலியில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வளர்த்த மெல்லிசை மரபோடு நெருங்கிய உறவுடையது இப்பின்னைய கிளையே.

சந்தையும் கலையும்

இவ்வெழுச்சியைத் தனிமனிதர் ஆற்றலால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. 1970இற் பதவியேற்ற அரசு அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு தடைப்பட்டது. திரைப்பட இறக்குமதி அரச கூட்டுத்தாபனத்தின் பிடிக்குள் வந்தது. உள்ளூர்ச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருகின. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) முதலிய ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்கள் தோன்றின. மெல்லிசையும் பொப்பிசையும் செழித்தது இதே காலத்திலாகும்.

எனினும், தடையே கலையைப் படைத்தது என்று கொள்ளுதல் தவறு. வானொலியில் இந்தியத் திரைப்பாடல்கள் அக்காலத்திலும் ஓயாது ஒலித்துக்கொண்டே இருந்தன. அன்றியும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் 'சின்ன மாமியே' பாடலும் 1970க்கு முற்பட்டவை. ஆகவே இளைஞரின் படைப்பு வேட்கை முன்னரே இருந்தது. மூடிய சந்தை அதற்குச் செவிகொடுக்கும் மக்களைத் தேடித்தந்தது என்று கூறுதலே பொருந்தும்.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பதிவுக் கருவிகளும் ஒலிநாடாக்களும் கடைகளில் நிறைந்தன. எப்பாடலையும் சிறு செலவிற் பிரதி செய்துகொள்ளலாம் என்ற நிலை தோன்றியது. அதே ஆண்டில் 'சுராங்கனி' தமிழ்நாட்டில் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இடம்பெற்றது. ஈழத்துப் பாடல் தமிழ்நாட்டுத் திரையை எட்டிய அவ்வாண்டிலேயே ஈழத்துப் பாடகன் தன் சொந்தச் சந்தையை இழக்கத் தொடங்கினான் என்பது வரலாற்று முரணாகும்.

சிதறலும் எச்சமும்

சந்தை மெலியச் செய்த கலையை 1983 யூலை வன்செயலும் அதனைத் தொடர்ந்த போரும் சிதறடித்தன. திருகோணமலையும் பெருந்துயருக்கும் இடப்பெயர்வுக்கும் உள்ளாயிற்று. மூவின மக்களும் ஒருங்கே அமர்ந்து பாட்டுக் கேட்ட இன்னிசை இரவுகளுக்கு அச்சூழலில் இடமிருக்கவில்லை. பரமேஸ் ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்தார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியா சென்றார். மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018இற் காலமானார். பரமேஸின் மகள் பிரபாலினி பிரபாகரன் ஜேர்மனியில் வளர்ந்து பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் அறியப்பெற்றுள்ளார். குடும்பத்தளவில் மரபு அறவில்லை. ஆனால் ஓர் ஊரின் இசைமரபு குடும்பத்தால் மாத்திரம் வாழ்வதன்று. ஒத்திகை பார்க்கும் கூடமும், வாய்ப்பளிக்கும் மேடையும், கைதட்டும் அயலாரும் சேர்ந்ததே மரபு. அவை திருகோணமலையில் விடப்பட்டன. கலைஞர் மாத்திரமே கடல் கடந்தனர்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அழிந்தவை யாவை என்று தமிழுலகம் இன்றும் கணக்கிடுகின்றது. இடம்பெயர்ந்த வீடுகளிற் கைவிடப்பட்ட இசைத்தட்டுகளுக்கும் ஒலிநாடாக்களுக்கும் அத்தகைய கணக்கெதுவும் இல்லை. கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்த பல்கலைக்கழகங்கள் இப்பாடல்களையும் அவ்வாறே தேடித் தொகுத்தல் வேண்டும். பாடியவர், எழுதியவர், இசைக்கருவி வாசித்தவர் ஆகியோரின் பெயர்கள் பதிவு செய்யப்படல் வேண்டும். அக்காலத்தைக் கண்டவர் எஞ்சியிருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெறுதல் அவசியம். 'எமக்கெனப் பாடல் இருந்ததா?' என்று நாளைய தலைமுறை வினவின், இருந்தது என்று சொல்லுதல் மாத்திரம் போதாது. அதனை ஒலிக்கச்செய்து காட்டுதல் வேண்டும்.