நான்கு டொலர் மேசை

2005 ஆம் ஆண்டு ஒரு பயிற்சியின் நிமித்தம் அமெரிக்கா சென்றிருந்த வேளையில், லாஸ் வேகஸ் நகரில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்தது. சூதாட்டத்தில் எனக்கு நாட்டம் இருந்ததில்லை. ஆயினும், போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் வாசித்திருந்தேன். வாசித்தவன் ஒரு தடவையாவது அமர்ந்து பார்க்காமல் திரும்புவது பத்திரிகையாளனுக்கு அழகல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அங்கிருந்த ஆகக் குறைந்த மேசையில் நூறு டொலருடன் அமர்ந்தேன். முதல் இரண்டு சுற்றுக்களில் 2 டொலர், பின்னைய இரண்டு சுற்றுக்களில் 4 டொலர் என்று பந்தயத்தின் அளவு வரையறுக்கப்பட்ட மேசை அது. பத்துப் பேர் அமர்ந்திருந்தோம்.

ஆட்டத்தின் பெயர் டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக்கள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் நடுவில் ஐந்து சீட்டுக்கள் படிப்படியாக எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும். இந்த ஏழிலிருந்து மிகச் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்கு நடுவில் குவிந்த பணம் முழுவதும் சேரும். மற்றவர்கள் எல்லோரும் பயந்து விலகிவிட்டால், எதையும் காட்டாமலேயே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். இந்தப் பிந்திய வழிதான் போக்கரைப் பற்றித் திரைப்படம் பார்த்தவர்கள், நாவல் படித்தவர்கள் அனைவருடைய மனத்திலும் பதிந்திருப்பது. என் மனத்திலும் அதுவே பதிந்திருந்தது.

ஒரு கட்டத்தில் ஏஸும் கிங்கும் வந்தன. பந்தயத்தை உயர்த்தினேன். என்னுடன் ஆறு பேர் தொடர்ந்தோம். நடுவில் விரிந்த சீட்டுக்கள் எதுவும் எனக்கு உதவவில்லை. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கடைசிவரை பணம் போட்டேன். ஒவ்வொருவராக விலகினர். எனக்கு எதிரே அமர்ந்திருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மட்டும் விலகவில்லை. கடைசிப் பந்தயத்துக்கும் 4 டொலரை மெதுவாக முன்னே தள்ளிவிட்டு, தம் சீட்டுக்களைத் திருப்பினார். இரண்டு நான்குகள். வெறும் ஒரு சோடி நான்கு. நான் தோற்றேன்.

நான் எதைக் காட்ட முயல்கிறேன் என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆவலாக இருந்ததாம். அவ்வளவுதான் காரணம்.

யாழ்ப்பாணத்தில் 304 விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். அங்கே பந்தயம் கூறுவது முதல் கவிழ்த்து வைத்த துரும்பைத் திறப்பது வரை, ஒவ்வொரு செயலும் எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் எதிரிக்கும் ஒரு செய்தி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓரினத்துக்கு 76 புள்ளிகள், நான்கு இனங்களுக்கும் 304 என்று கணக்கு வைத்து, போன சீட்டுக்களை நினைவில் வைத்திராதவனைத் திண்ணையில் சேர்க்கவே மாட்டார்கள். ஆட்டம் தெரியாதவனோடு ஆடுவது எமக்குப் பொழுதுபோக்கே அல்ல. போக்கரின் கதையோ நேர்மாறானது. ஆட்டம் தெரியாதவன் வந்து அமரும்வரை அது தொடங்குவதே இல்லை.

மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களில் இருந்து இக்கதையைத் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் வட்டாரத்திலிருந்து இந்த ஆட்டம் ஆற்றோடு மேலேறியது. ஜோ கொவெல் என்ற ஆங்கில நாடக நடிகர் 1829 இல் தாம் கப்பலில் கண்ட ஓர் ஆட்டத்தைத் தமது நினைவுக் குறிப்பில் எழுதி 1844 இல் வெளியிட்டார். அப்போது இருபது சீட்டுக்களே பயன்பட்டன. பருத்தி விற்ற பணத்துடன் ஊர் திரும்பும் தோட்டக்காரர், நிலம் வாங்கப் புறப்பட்ட விவசாயி, முதற்பயணம் செய்யும் இளைஞன் ஆகியோர் ஒருபுறம். கப்பலையே தொழிற்கூடமாக்கிக்கொண்ட சூதாடிகள் மறுபுறம். இவர்கள் திறமையை நம்பி ஆடவில்லை. அடையாளமிட்ட சீட்டுக்கட்டையும், அந்நியர்போல் நடித்து அமர்ந்திருக்கும் கூட்டாளியையும் நம்பி ஆடினர். சூதாட்டத்தைக் கைவிட்ட ஜொனதன் கிறீன் என்பவர் இத்தந்திரங்களை அம்பலப்படுத்தி 1843 இல் நூல் எழுதினார். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னரே, 1835 ஜூலையில், மிசிசிப்பிக் கரையிலுள்ள விக்ஸ்பர்க் நகர மக்கள் ஐந்து சூதாடிகளை விசாரணை எதுவுமின்றித் தூக்கிலிட்டிருந்தனர். பழக்கமில்லாதவனின் பணம் எப்படிப் போகிறது என்பது அக்காலத்திலேயே ஊரறிந்த விடயமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஏமாற்றுத் தேவையில்லை, பொறுமை போதும் என்பதை உலகுக்குக் காட்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கேயுள்ள கார்டீனா என்ற சிற்றூரையே சொல்வேன். வேகஸின் ஒளிவெள்ளத்தில் மறக்கப்பட்டுவிட்ட ஊர் இது. கலிபோர்னியாவின் குற்றவியற் சட்டம் தடைசெய்யப்பட்ட ஆட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருந்தது. அந்தப் பட்டியலில் டிரோ போக்கர் என்ற பழைய வகை இடம்பெறவில்லை. அந்தச் சந்துக்குள் புகுந்து 1936 இல் கார்டீனாவில் முதலாவது சீட்டாட்டக் கழகம் திறக்கப்பட்டது. பின்னர் ஆறு கழகங்கள் வரை நடந்தன. அங்கே குடிவகை இல்லை, வெளிச்சக் கூத்து இல்லை. குவியலிலிருந்து வீடு பங்கெடுக்கவும் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கதிரை வாடகை மட்டும் அறவிட்டார்கள். சீட்டுக்களை ஆட்டக்காரர்களே முறைவைத்துப் பகிர்ந்தனர்.

அங்கே வந்தவர்கள் ஓய்வூதியர்கள், குடும்பத் தலைவிகள், இரவு வேலை முடித்த தொழிலாளர்கள். சிறுதொகைப் பந்தயம். இவர்கள் நடுவே, எதுவும் பேசாமல், பத்துத் தடவைகளில் எட்டுத் தடவைகள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சீட்டு வரும்போது மட்டும் பணம் போட்டு, அதையே தொழிலாக நடத்திய ஒரு சிறு கூட்டமும் இருந்தது. மானிடவியலாளரான டேவிட் ஹயானோ இம்மேசைகளில் தாமே அமர்ந்து ஆடி, அத்தொழில்முறை ஆட்டக்காரர்களின் வாழ்வை ஆராய்ந்து 1982 இல் நூலாக்கினார். வீரதீர வாழ்க்கை எதையும் அதில் காணமுடியாது. நேரங்கெட்ட தூக்கமும், நெடுநேரக் காத்திருப்பும், கைமாறும் கடனும்தான் மிச்சம். இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் நேர்மையானவற்றில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். 1980 களின் பிற்பகுதியில் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பின்னர் ஹோல்டெம் கலிபோர்னியாவுக்குள் வந்தது. பழைய ஆட்டத்தோடு கார்டீனாவின் காலமும் மங்கியது.

நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோதும், கசினோக்களில் போக்கருக்கு ஒரு மூலைதான் கிடைத்தது. காரணம் எளிது. சுழல் சக்கரத்தில் பணம் வைப்பவன் வீட்டோடு மோதுகிறான், வீடு வெல்லும். போக்கரில் ஆட்டக்காரன் இன்னோர் ஆட்டக்காரனோடு மோதுகிறான். வீட்டுக்குக் கிடைப்பது றேக் எனப்படும் சிறு அறவீடு மாத்திரமே.

அந்த மூலையை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது 2003 ஆம் ஆண்டு. ஆட்டக்காரரின் கவிழ்ந்த சீட்டுக்களைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் ஒளிப்பதிவு முறை தொலைக்காட்சிக்கு ஏற்கனவே வந்திருந்தது. நாசிகளின் வதைமுகாம்களில் உயிர் தப்பி, அமெரிக்காவில் விளையாட்டுப் பொருட்கள் வடிவமைத்துப் பேர்பெற்ற ஹென்றி ஒறென்ஸ்ரைன் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அந்த வருடத்து உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 839 பேர் பங்குபற்றினர். நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். நூறு டொலருக்கும் குறைந்த இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த டென்னசிக் கணக்காளர், 27 வயதான கிறிஸ் மனிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரரான சாமி ஃபர்ஹாவைக் கடைசியில் வென்று 25 இலட்சம் டொலருடன் வீடு திரும்பினார். அவரது பெயரின் பொருளே 'பணம் பண்ணுபவர்' என்பதுதான். கதாசிரியன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் ஆசிரிய பீடத்தில் வெட்டியிருப்போம்.

அடுத்த வருடம் 2,576 பேர், 2005 இல் 5,619 பேர், 2006 இல் 8,773 பேர். இவை பெரிய போட்டியின் எண்கள். அதில் கால்வைக்க வசதியற்ற பெருங்கூட்டம் 2 டொலர், 4 டொலர் மேசைகளை நிரப்பியது. நான் அமர்ந்தது அந்த வெள்ளத்தின் நடுவில்தான்.

பழைய ஆட்டக்காரர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பலர் புலம்பினார்கள். "இவர்களை வெல்லவே முடியாது. எதைப் போட்டாலும் எல்லோரும் தொடர்கிறார்கள். என் ஏஸ் சோடியைக் கண்ட கண்ட சீட்டு உடைக்கிறது" என்பதே புலம்பலின் சாரம். என் மேசையிலும் அதைக் கேட்டேன். இரண்டு ஏஸ் கையிலிருந்தால், ஓர் எதிராளியை நூற்றுக்கு ஏறத்தாழ 85 தடவைகள் வெல்லலாம். ஒன்பது எதிராளிகளும் கடைசிவரை நின்றால் ஏறத்தாழ 31 தடவைகள்தான் வெல்ல முடியும். அதாவது, மூன்றில் இரண்டு தடவைகளுக்கு மேல் தோல்வி. புலம்பல் நியாயம்போலத் தோன்றும்.

ஆனால் பணத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவரோடு ஆளுக்கு ஒரு டொலர் போட்டால், நீங்கள் போட்ட ஒரு டொலருக்குச் சராசரியாக 1.70 டொலர் திரும்பும். ஒன்பது பேரோடு போட்டால், நடுவில் பத்து டொலர். அதில் 31 வீதம் 3.10 டொலர். அடிக்கடி தோற்பவரே அதிகம் சம்பாதிக்கிறார். நினைவில் நிற்பது தோல்விகள், பையில் சேர்வது வேறு. லீ ஜோன்ஸ் 1994 இலும், ஸ்க்லான்ஸ்கி, மல்முத் ஆகியோருடன் சேர்ந்து எட் மில்லர் 2004 இலும் சிறுதொகை மேசைகளுக்கென்றே எழுதிய நூல்கள் இந்த வகை மேசைக்கான ஆட்டத்தையே கற்பித்தன. நல்ல சீட்டுக்குக் காத்திரு, வந்தால் தயங்காமல் பணத்தைக் கூட்டு, விலகத் தெரியாதவனிடம் பொய்ப் பந்தயம் வைக்காதே என்பதாக அவற்றின் அறிவுரையை நான் விளங்கிக்கொண்டேன்.

கடைசியாகச் சொன்னதை அன்றிரவே நான் 4 டொலர் வீதம் கற்றுக்கொண்டேன். அறைக்குத் திரும்பிக் கடதாசியில் கணக்குப் போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த அம்மையார் கடைசி 4 டொலரைத் தள்ளியபோது நடுவில் 42 டொலர் கிடந்தது. வீட்டின் அறவீட்டைக் கழித்தாலும், பத்துத் தடவைகளில் ஒரு தடவை நான் பொய் சொல்லியிருந்தாலே அவருக்கு நட்டமில்லை. ஆவலில் செய்த காரியம் கணக்கிலும் சரியாக இருந்தது. அனுபவமற்றவர் என்று மேசையில் யாரையாவது சுட்ட வேண்டுமாயின், அது அவரல்லர்.

இனி, அந்த அறவீட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. சீட்டுப் பகிர்பவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் குவியலிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு வில்லைகளை எடுத்து மேசையிலுள்ள ஒரு துவாரத்துக்குள் போடுவார். சராசரி 3 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு முப்பது ஆட்டங்கள். 90 டொலர் மேசையை விட்டுப் போகிறது. பத்துப் பேரும் ஆளுக்கு நூறு டொலருடன் அமர்ந்து, எவரும் புதிதாகப் பணம் கொண்டுவராமல் ஆடினால், பதினொரு மணித்தியாலத்தில் ஆயிரம் டொலரும் அந்தத் துவாரத்துக்குள் போய்விடும். யார் கெட்டிக்காரர், யார் பேதை என்ற கேள்வி துவாரத்துக்குக் கிடையாது.

எனக்கு இடப்புறம் ஓர் இளைஞர் இருந்தார். அந்த நூல்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர் என்பது அவர் ஆடிய விதத்திலேயே தெரிந்தது. நாளாந்தம் வருவதாகச் சொன்னார். கெட்டிக்கார ஆட்டக்காரன் மணித்தியாலத்துக்கு ஒரு பெரிய பந்தயம் வெல்லலாம் என்பது அக்காலத்துப் பொது அளவுகோல். இந்த மேசையில் அது 4 டொலர். 2005 இல் அமெரிக்காவின் ஆகக்குறைந்த சட்டபூர்வ மணித்தியாலச் சம்பளம் 5.15 டொலர். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், முதியவர்களின் சில்லறையை நாள் முழுவதும் பொறுமையோடு சேகரித்து, உணவகத்தில் கோப்பை கழுவுபவரிலும் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் மனம் நோவார் என்று நான் சொல்லவில்லை.

அந்த வெள்ளம் பின்னர் வடிந்தது. 2006 ஒக்டோபரில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 2011 ஏப்ரல் 15 ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் பெரிய இணையத்தளங்களை முடக்கியது. பிரதான போட்டி பிழைத்துக்கொண்டது, 2023 இல் பத்தாயிரத்தைக் கடந்தது. என் மனத்தை உறுத்துவது சிறிய மேசைகளின் கதி. வரையறையிட்ட 2-4 மேசைகள் அருகி, அவ்விடத்தை எல்லையற்ற பந்தய மேசைகள் பிடித்துக்கொண்டன. ஆவலுக்காக ஒருவர் தொடர்ந்தால் அங்கே போவது 4 டொலர் அல்ல, முன்னால் உள்ள முழுப் பணமும் போகலாம். புதியவர் ஒரு மாலையில் வெறுங்கையோடு எழுந்து போகிறார், மறுமுறை வருவதில்லை. மெதுவாக இழக்கும் வசதி அவருக்கு மறுக்கப்பட்டுவிட்டது.

அம்மையார் பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவராம். வியாழக்கிழமைகளில் 40 டொலருடன் வருவாராம். படத்துக்குப் போனால் இரண்டு மணித்தியாலம் இருட்டில் தனியே இருக்க வேண்டும், இங்கே ஆறு மணித்தியாலம் பேச்சுத்துணை என்றார். கணவர் இறந்த பிறகு வரத் தொடங்கியதாகவும் சொன்னார். நான் எழுந்தபோது என்னிடம் 61 டொலர் மீதமிருந்தது. அடுத்த வியாழனும் வருவேனா என்று கேட்டார். இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். கவலையோடு தலையாட்டிவிட்டு, புதிதாக வந்த இரண்டு சீட்டுக்களின் ஓரத்தை உயர்த்திப் பார்த்தார், பார்த்தவுடன் 2 டொலரை முன்னே தள்ளினார்.